முழங்கால் வலி: முதலில் எந்த மருத்துவரிடம் போவது?

என் சித்திக்கு 52 வயதில் இரண்டு முழங்கால்களிலும் வலி வந்தது. மூட்டு வலி என்றால் எலும்பு டாக்டர் என்ற பழக்கத்தில், ஊரில் இருந்த எலும்பு மூட்டு மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனோம். எக்ஸ்ரே எடுத்து, லேசான தேய்மானம் என்று எழுதி, வலி மாத்திரையும் கால்சியமும் கொடுத்தார். பதினொரு மாதம் அதே சீட்டுதான் ஓடியது. பிறகு சளிக்காகப் பார்க்கப் போன பொது மருத்துவர் ஒருவர், முழங்காலைத் தொடுவதற்கு முன்பே, “காலையில் எழுந்ததும் துணி பிழிய முடிகிறதா?” என்று கேட்டார். ஈரப் புடவையை முறுக்கக் கை மடங்காது, பத்து மணி ஆனால்தான் விரல் வசப்படும் என்றார் சித்தி. முழங்காலுக்குப் போன இடத்தில் கையைப் பற்றி எதற்குச் சொல்வது என்று அவர் அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. யாரும் கேட்டிருக்கவும் இல்லை. இரத்தப் பரிசோதனையில், உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்கும் முடக்கு வாதம் (ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்று தெரிந்தது.

அந்த எலும்பு மருத்துவர் திறமை குறைந்தவர் என்று நான் சொல்ல மாட்டேன். எக்ஸ்ரேயில் அவர் பார்த்த தேய்மானம் பொய்யில்லை; அந்த வயதில் பலருக்கும் இருப்பதுதான். வலி அதனால் வரவில்லை என்பதே சிக்கல். ஒவ்வொரு துறையினரும் தம் கையில் உள்ள கருவிக்கு ஏற்ற நோயை முதலில் தேடுவார்கள் என்பதால், முழங்காலில் வலிக்கிறது என்ற ஒரே தகவலை வைத்து மருத்துவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. வலி எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் மருத்துவன் அல்லன். வீட்டில் மூன்று பேரின் முழங்கால்களுக்காக மருத்துவமனை வரிசைகளில் நின்றவன். எலும்பு டாக்டரா, வாத நிபுணரா, நேராகப் பிசியோவா, சித்த வைத்தியமா என்று என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்லிவருவதைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

ஒப்பிட்டுக்கொண்டிருக்க நேரமில்லாத நிலைகள்

முழங்கால் திடீரென வீங்கிச் சிவந்து, தொட்டால் சுட்டு, காய்ச்சலும் சேர்ந்தால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். சில நாள் தாமதத்திலேயே குருத்தெலும்பு அழிந்துபோகக்கூடிய நிலை அது. விழுந்து அடிபட்ட பிறகு காலை ஊன்றவே முடியாவிட்டால் எலும்பு முறிந்திருக்கலாம். நீண்ட பயணத்துக்கோ படுக்கையில் கிடந்ததற்கோ பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், அது மூட்டு நோயாக இல்லாமல் இரத்தக்குழாயில் உறைந்த கட்டியாக இருக்கலாம். இந்த மூன்றுக்கும் அன்றைக்கே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

எவற்றை வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல், வலி தொடங்கிய விதம். கபடியிலோ இறகுப்பந்திலோ கால் திரும்பி, உள்ளே ஏதோ அறுந்தது போல உணர்ந்து, சில மணி நேரத்தில் முட்டி வீங்கினால் அது காயம். ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வந்தது தேய்மானமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இரவு நன்றாகப் படுத்தவர் விடியற்காலையில் போர்வை பட்டாலே துடிக்கிறார் என்றால், யூரிக் அமிலப் படிகங்களால் வரும் கவுட் நினைவுக்கு வர வேண்டும். அது பெரும்பாலும் கால் கட்டைவிரலில் தொடங்கும், முழங்காலையும் விடாது.

இரண்டாவது, காலை விறைப்பு. இதை வீட்டிலேயே கடிகாரத்தைப் பார்த்து அளந்துவிடலாம் என்பதால் எனக்கு இதன்மேல் தனி மதிப்பு உண்டு. தேய்மானத்தில் எழுந்து நாலடி நடந்தால் கால் இளகிவிடும். பொதுவாக அரை மணிக்கு மேல் போகாது. முடக்கு வாதம் போன்ற அழற்சி நோய்களில் ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் விறைப்பு நீடிக்கும், ஓய்வெடுத்தால் கூடும், நடமாடினால் குறையும். தேய்மான வலியோ நடந்தால் கூடி, உட்கார்ந்தால் தணியும்.

மூன்றாவது, வேறு எந்த மூட்டுகள் சேர்ந்திருக்கின்றன என்பது. மணிக்கட்டு, விரல் கணு, கணுக்கால் என்று பல இடங்களில் வீக்கம் இருந்தால் முழங்கால் ஒரு பெரிய நோயின் ஓர் இடம் மட்டுமே. சிக்குன்குனியா வந்துபோனவர்களுக்கும் இப்படிப் பல மூட்டுகள் மாதக்கணக்கில் வலிக்கும். 2006-இல் தமிழ்நாட்டில் அது பரவியபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்களைப் பார்த்திராத தெரு குறைவு.

நான்காவது, மூட்டு சிக்கிக்கொள்கிறதா, நழுவுகிறதா என்பது. மடக்கிய கால் நீட்ட வராமல் பூட்டிக்கொள்வதும், படி இறங்கும்போது கால் திடீரென மடங்கிவிடுவதும் உள்ளே கிழிசலையோ உதிரித் துண்டையோ காட்டலாம். வெறும் ‘கடக் கடக்’ சத்தத்தை, வலி இல்லாத வரை, பொருட்படுத்த வேண்டியதில்லை.

வலி முழங்காலில் இருந்துதான் வருகிறதா என்பது அடுத்த கேள்வி. சம்மணம் போடும்போது கவட்டியில் பிடிக்கிறதென்றால் இடுப்பு மூட்டையும், இடுப்பிலிருந்து கால்வரை மரமரப்புடன் இறங்குகிறதென்றால் முதுகெலும்பு நரம்பையும் சந்தேகிக்க வேண்டும்.

கடைசி அளவுகோல் செலவு. ஆலோசனைக் கட்டணம் அதில் மிகச் சிறிய பகுதி. எழுதித் தரப்படும் ஸ்கேன், திரும்பத் திரும்பப் போகும் ஆட்டோ செலவு, கூட வருபவரின் ஒரு நாள் சம்பளம், தவறான சிகிச்சையில் வீணாகும் மாதங்கள் ஆகியவற்றையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

| வலியின் நடத்தை | முதலில் பார்க்க வேண்டியவர் |
|---|---|
| 50-ஐ நெருங்கியவர், படியில் வலி, காலை விறைப்பு அரை மணிக்குள் | குடும்ப மருத்துவர் அல்லது எலும்பு மூட்டு மருத்துவர் ஒரு முறை, பிறகு இயன்முறை மருத்துவர் (பிசியோ) |
| காலை விறைப்பு ஒரு மணி நேரம். பல மூட்டுகளில் வீக்கம் | வாதநோய் நிபுணர் |
| அடிபட்டது, பூட்டிக்கொள்கிறது, நழுவுகிறது | எலும்பு மூட்டு மருத்துவர் |
| ஒரே இரவில் வந்த கடும் வலி, வீக்கம். காய்ச்சல் இல்லை | பொது மருத்துவர், அன்றோ மறுநாளோ |
| இளைஞர், உட்கார்ந்து எழுந்தால் முட்டிச் சில்லின் முன்புறம் வலி, வீக்கம் இல்லை | இயன்முறை மருத்துவர் |

குடும்ப மருத்துவர்

தெரு முனையில் பத்து ஆண்டுகளாக உங்களைத் தெரிந்த ஒருவர் இருந்தால், மேலே சொன்ன அளவுகோல்களில் எதிலும் தெளிவு இல்லாதபோது அவரிடம் தொடங்குவதே நல்லது. உங்கள் சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகத்தின் நிலை அவருக்குத் தெரியும். மூட்டு நிபுணர் எழுதும் வலி மாத்திரை உங்கள் சிறுநீரகத்துக்கு ஆகுமா என்று சொல்லக்கூடியவரும் அவர்தான். குறை என்னவென்றால், கூட்டம் மிகுந்த கிளினிக்கில் ஓர் ஊசியும் ஐந்து நாள் மாத்திரையுமாக முடிந்துவிடும். இரண்டாவது முறையும் அதே ஊசி என்றால் அடுத்தவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

எலும்பு மூட்டு அறுவை மருத்துவர்

எம்.எஸ். ஆர்த்தோ, டி.என்.பி. ஆர்த்தோ, டி. ஆர்த்தோ ஆகியவை இவர்களின் படிப்புகள். காயம், எலும்பு முறிவு, அறுந்த தசைநார், வளைந்துபோன கால், முற்றிய தேய்மானம் ஆகியவற்றுக்கு இவர்களுக்கு மாற்று கிடையாது. தேய்மானம் எந்த அளவில் இருக்கிறது என்று ஒரு முறை உறுதிப்படுத்திக்கொள்ளவும் இவர்கள் பொருத்தமானவர்கள்.

அங்கே போனதும் கவனிக்க வேண்டிய முதல் செய்தி, எக்ஸ்ரே நிற்க வைத்து எடுக்கப்படுகிறதா என்பது. படுத்த நிலையில் உடல் எடை மூட்டில் இறங்காததால் எலும்புகளுக்கு இடையே உள்ள சந்து அகலமாகத் தெரியும். அதே கால் நின்ற நிலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். என் தந்தைக்கு ஒரே மாதத்தில் எடுத்த இரண்டு படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் அடுத்தடுத்துப் பிடித்துப் பார்த்தபோது, இரண்டும் வேறு வேறு ஆட்களுடையவை என்றே நினைத்தேன்.

இந்தத் துறையின் பெரிய மறைமுகச் செலவு எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலிருந்து தொடங்குகிறது. ஸ்கேனுக்கு ஆகும் சில ஆயிரம் ரூபாயைவிட, அறிக்கையில் வரும் ‘ஜவ்வு கிழிந்திருக்கிறது’ என்ற வரி இழுத்துச் செல்லும் தூரம் அதிகம். தமிழில் ஜவ்வு என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு உறுப்புகளுக்குச் சொல்கிறோம்: எலும்புகளைக் கட்டிப்போடும் தசைநாருக்கும், அவற்றுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் பிறைவட்டக் குருத்தெலும்புக்கும். இருபத்தைந்து வயது ஆட்டக்காரருக்கு அறுந்த தசைநாரும், அறுபது வயதுக்காரருக்கு நைந்துபோன பிறைவட்டமும் ஒன்றாகா. பொதுமக்களில் நடுத்தர வயதினரையும் முதியவர்களையும் ஸ்கேன் செய்து 2008-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பிறைவட்டம் கிழிந்திருந்தவர்களில் 61 விழுக்காட்டினருக்கு முந்தைய மாதத்தில் முழங்கால் தொல்லை எதுவும் இருக்கவில்லை. தேய்ந்த மூட்டுக்கும் தேய்மானத்தால் வந்த கிழிசலுக்கும் துளை வழியே செய்யும் ஆர்த்ராஸ்கோப்பி பெரிய பலன் தராது என்று 2002 முதல் பல ஆய்வுகள் காட்டியதைத் தொடர்ந்து, 2017-இல் ஒரு பன்னாட்டு நிபுணர் குழு அதைச் செய்ய வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. ஆகவே முதியவருக்கு முதல் சந்திப்பிலேயே துளை அறுவை என்று சொல்லப்பட்டால், வேறொருவரிடமும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரம் நிம்மதி தரும். வீட்டுக் கல்யாணம், தவிர்க்க முடியாத பயணம் என்றால் அதற்கு நியாயம் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று இரண்டு ஆண்டுகள் போட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2017-இல் வெளிவந்தது. உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு அதிகம் கரைந்திருந்தது, வலியிலோ பெரிய வேறுபாடு இல்லை.

முழங்கால் மாற்று அறுவையைப் பற்றி நம் ஊரில் உள்ள பயம் அளவுக்கு மீறியது என்பது என் எண்ணம். இரவில் தூங்க முடியாமல், கடைத்தெருவரை நடக்க முடியாமல், பயிற்சியும் மருந்தும் பார்த்து முடித்தவருக்கு அது நல்ல சிகிச்சை. பொருத்தப்படும் மூட்டுகளில் ஏறத்தாழ பத்தில் எட்டு, 25 ஆண்டுகளுக்கு மேல் தாங்குகின்றன. செலவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுக்கு விலை உச்சவரம்பு விதித்தது. அப்போது வழக்கமான கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. மருத்துவமனையின் ரசீதில் அது ஒரு வரி மட்டுமே. அறை வாடகை, அறுவை அரங்கு, மயக்க மருந்து, பிசியோ எல்லாம் தனி. எனவே மொத்தத் தொகையை எழுதி வாங்குங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவைக்கு இடம் உண்டு என்பதால், அட்டை வைத்திருப்பவர்கள் பணம் கட்டும் முன் காப்பீட்டுப் பிரிவில் விசாரிக்க வேண்டும். வீட்டில் தரையோடு உள்ள கழிப்பறையை மாற்றுவதும், முதல் ஆறு வாரம் கூட இருக்க ஓர் ஆளும் யாருடைய ரசீதிலும் வராத செலவுகள்.

வாதநோய் நிபுணர்

பொது மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்து, அதற்கும் மேல் வாதநோயியலில் டி.எம். அல்லது டி.என்.பி. படித்தவர்கள் இவர்கள். அறுவை செய்யமாட்டார்கள். முடக்கு வாதம், சொரியாசிஸ் என்ற தோல் நோயோடு வரும் மூட்டு வாதம், எதிர்ப்பு சக்தியே உடலின் பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ், அடிக்கடி தாக்கும் கவுட் ஆகியவை இவர்களுடைய எல்லை. முடக்கு வாதத்தில் முதல் சில மாதங்கள் மிக முக்கியமானவை; சேதமான மூட்டை எந்த மருந்தும் மீட்டுத் தராது. சித்திக்குப் போன பதினொரு மாதத்தின் விலை இன்றும் அவருடைய வலது மணிக்கட்டில் தெரிகிறது.

எண்ணிக்கையில் குறைந்தவர்கள், பெரும்பாலும் நகரங்களில் இருப்பவர்கள் என்பதால் பயணமும் காத்திருப்பும் அதிகம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் தனி வாதநோய்ப் பிரிவு இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் வாதநோய் நிபுணரிடம் ஒரு முறை நோயை உறுதிசெய்துகொண்டு, தொடர் பரிசோதனைகளை உள்ளூர்ப் பொது மருத்துவரிடம் செய்துகொள்ளும் ஏற்பாட்டைக் கேட்டுப் பெறலாம்.

மருந்தில் எச்சரிக்கை ஒன்று. முடக்கு வாதத்துக்கு வழக்கமாகத் தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே எடுக்க வேண்டிய மாத்திரை. தினமும் போட்டு உயிர் ஆபத்துவரை போனவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்பதை அட்டையிலேயே தமிழில் எழுதி வாங்குங்கள். அது வேலை செய்யத் தொடங்க ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், இடையிடையே இரத்தப் பரிசோதனையும் வேண்டும். நான்காவது வாரத்தில் குணம் தெரியவில்லை என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். முடக்கு வாதத்துக்காக எடுக்கப்படும் ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற இரத்தப் பரிசோதனையை மட்டும் லேபில் எடுத்துப் பார்த்துத் தானே முடிவுக்கு வருவதும் ஆகாது. நோயில்லாதவருக்கும் அது பாசிட்டிவாக வரும், நோயுள்ள சிலருக்கு நெகட்டிவாக இருக்கும். கவுட் தாக்கும் நேரத்தில் யூரிக் அமிலமும் சரியான அளவில் இருப்பதாகக் காட்டக்கூடும்.

இயன்முறை மருத்துவர்

தேய்மான வலி உள்ளவர்கள் மிகக் குறைவாகச் செலவழிக்கும் இடமும், மிக அதிகமாகப் பலன் பெறக்கூடிய இடமும் இதுவே. 2020-இல் அமெரிக்க இராணுவ மருத்துவமனைகளில் 156 பேரிடம் நடந்த ஆய்வில், ஓராண்டு முடிவில் ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களைவிட இயன்முறைச் சிகிச்சை பெற்றவர்களுக்கு வலியும் முடக்கமும் குறைவாக இருந்தன. தொடையின் முன்தசை வலுத்தால் மூட்டின் சுமையில் ஒரு பங்கைத் தசை வாங்கிக்கொள்கிறது. உடல் எடையும் இதோடு சேரும்: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் ஏறும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது.

பி.பி.டி., எம்.பி.டி. படித்தவரா என்று பாருங்கள். அதைவிட முக்கியம், அங்கே என்ன நடக்கிறது என்பது. படுக்க வைத்து, கரண்ட் மெஷினை மாட்டி, இருபது நிமிடம் கழித்துக் கழற்றி அனுப்பும் இடங்களில் பத்து நாள் போனாலும் தசை வலுக்காது. நல்லவர் முதல் நாளே உங்களை நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழச் சொல்லுவார், படி ஏறச் சொல்லுவார், நான்கைந்து பயிற்சிகளைச் சொல்லித் தந்து அடுத்த முறை அவற்றைச் செய்துகாட்டச் சொல்லுவார். இங்குள்ள மறைமுகச் செலவு பணமல்ல, மூன்று மாத ஒழுங்கு. வெளியே போக முடியாத முதியவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தரும் ஏற்பாடு இருக்கிறது. பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் பதிந்துகொள்வார்கள்.

வீக்கம், காய்ச்சல், பூட்டிக்கொள்ளுதல், பல மூட்டு வலி ஆகியவை உள்ளவர்கள் நோய் இன்னதென்று தெரியாமல் நேராக இங்கே வரக் கூடாது.

மறுவாழ்வு மருத்துவரும் வலி நிபுணரும்

எம்.டி. பி.எம்.ஆர். படித்த மறுவாழ்வு மருத்துவர்களைப் பலரும் அறிவதில்லை. பக்கவாதத்தோடு முழங்கால் வலியும் உள்ளவர், முழங்கால் உறை, ஊன்றுகோல், காலணி மாற்றம் தேவைப்படுபவர் இவர்களிடம் போகலாம், சென்னையில் கே.கே. நகரில் இதற்கென அரசு மருத்துவமனையே இருக்கிறது. வலி நிபுணர்கள் பெரும்பாலும் மயக்கவியல் படித்தவர்கள். இதயக் கோளாறால் அறுவை தாங்க முடியாத முதியவருக்கு மூட்டைச் சுற்றியுள்ள நரம்புகளை மரத்துப்போகச் செய்யும் சிகிச்சை இவர்களிடம் உண்டு. உங்கள் இரத்தத்தையே பிரித்துப் போடும் பி.ஆர்.பி. ஊசிக்கு விலை அதிகம், ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. நான் அதற்குக் கடன் வாங்கச் சொல்ல மாட்டேன்.

சித்த மருத்துவர்

உளுந்துத் தைலமும் தொக்கணம் என்ற சித்த முறை பிடித்துவிடுதலும் ஒற்றடமும் தேய்மான வலியில் இதம் தருகின்றன என்பதை என் பாட்டி வீட்டிலிருந்தே பார்த்து வருகிறேன். பி.எஸ்.எம்.எஸ். படித்த பதிவுபெற்ற மருத்துவரிடமோ, தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம், பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களிலோ காட்டுவது ஒன்று. பேருந்து நிலையத்தில் பெயரில்லாப் பொட்டலம் வாங்குவது வேறு. இரண்டே நாளில் வலி மாயமாகி, இரண்டு மாதத்தில் முகம் உப்பி, சர்க்கரை ஏறினால் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் உலோகங்களையும் தாதுக்களையும் சுட்டுச் செய்யும் பற்பம், செந்தூரம் ஆகியவற்றை எடுக்கும் முன் அதைச் சொல்லிவிட வேண்டும். முடக்கு வாதத்தை இங்கே மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று காலம் கடத்துவதையும், அறுந்த தசைநாருக்கு இறுக்கிக் கட்டு போடுவதையும் நான் ஏற்க மாட்டேன்.

முதல் சந்திப்புக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை

யாரிடம் போனாலும் ஒரு தாளில் நான்கு வரிகள் எழுதிப் போங்கள்: வலி எந்த மாதம், எப்படித் தொடங்கியது; காலை விறைப்பு எத்தனை நிமிடம்; கை விரல் உட்பட வேறு எந்த மூட்டு வலிக்கிறது; கடையில் கேட்டு வாங்கியவற்றையும் சேர்த்து இப்போது எடுக்கும் எல்லா மாத்திரைகளும். பழைய எக்ஸ்ரேக்களைத் தேதி வரிசையில் அடுக்கிக்கொள்ளுங்கள். வேட்டியோ நைட்டியோ போல முட்டிக்கு மேல் தூக்க வருகிற உடையில் போவதும் நல்லது. இறுக்கமான பேண்டுக்கு மேலே தடவிப் பார்த்து எழுதப்பட்ட சீட்டுகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.